சுருதி சேர்ந்தது, தாளம் தவறியது: காசினி–ஹைகன்ஸ் ரேடியோ இணைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2000 பிப்ரவரி மாதம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் நாசாவின் ஆழ்விண்வெளி ஆன்டெனாக்கள் நிற்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அங்கே சில நாட்கள் தங்கி, பல கோடி கிலோமீட்டர் தொலைவில் வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலத்துக்கு ஒரு போலி சிக்னலை அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து டைட்டன் நிலாவில் இறங்கப்போகும் ஹைகன்ஸ் கலம் எப்படிப் பேசுமோ அப்படியே பேசிய சிக்னல் அது. இப்படி ஒரு சோதனை தேவையில்லை என்று முதலில் மறுத்திருந்தார்கள். அவர் விடவில்லை. அவர் விட்டிருந்தால் ஹைகன்ஸ் அனுப்பியதில் பெரும்பகுதி யாருக்கும் புரியாத குப்பையாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

பல நாட்டு முகமைகளும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு விண்கலம் செய்யும்போது, தவறு பெரும்பாலும் ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் போய் உட்காருகிறது. எனக்குத் தெரிந்து அதை இந்த நிகழ்வு அளவுக்குத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. சம்பந்தப்பட்ட மனிதர்களையும் கருவியைச் செய்த நிறுவனத்தையும் பெயர் சொல்லாமலே எழுதுகிறேன்.

பின்னணி: யார் கையில் என்ன இருந்தது

காசினி–ஹைகன்ஸ் 1997 அக்டோபர் 15 அன்று புளோரிடாவின் கேப் கனாவெரலிலிருந்து புறப்பட்டது. சனியைச் சுற்றிவரப் போகும் தாய்க்கலம் காசினி. அதன் இடுப்பில் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டு போனது ஹைகன்ஸ். சுமார் 320 கிலோ எடை, 2.7 மீட்டர் அகலமான வெப்பக் கவசம், ஆறு அறிவியல் கருவிகள். சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டனின் காற்று மண்டலத்தில் பாராசூட்டில் இறங்கி, இரண்டரை மணி நேரம் அளந்துகொண்டே தரை தொடுவதுதான் அதன் வாழ்க்கை முழுவதும்.

மொத்தச் செலவு ஏறக்குறைய 326 கோடி டாலர். அதில் 260 கோடி அமெரிக்காவுடையது, சுமார் 50 கோடி ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது, 16 கோடி இத்தாலிய விண்வெளி முகமையுடையது. வேலையும் அப்படியே பிரிந்தது. காசினியைச் செய்து ஓட்டியது பாசடீனாவில் உள்ள நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம், சுருக்கமாக ஜேபிஎல். காசினியின் 4 மீட்டர் ஆன்டெனா இத்தாலியிலிருந்து வந்தது. ஹைகன்ஸ் ஐரோப்பிய முகமையின் பொறுப்பு. அதைக் கட்டும் முதன்மை ஒப்பந்தம் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போனது. ஹைகன்ஸ் பேசுவதற்கும் அதைக் காசினி கேட்பதற்கும் தேவையான ரேடியோ கருவிகளை ஓர் இத்தாலிய நிறுவனம் செய்தது. ஹைகன்ஸை இயக்கும் அறை ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இருந்தது.

ஹைகன்ஸால் பூமியோடு நேரடியாகத் தரவு பேச முடியாது. அது சொல்வதைக் காசினி கேட்டு, தன் நினைவகத்தில் பதிந்து, பிறகு பூமியை நோக்கித் திரும்பி ஒப்பிக்க வேண்டும். இதற்காக இரண்டு ரிசீவர்கள், சேனல் ஏ, சேனல் பி என்று, காசினியில் பொருத்தப்பட்டிருந்தன. காசினி நாசாவுடையது. ஆனால் அந்த ரிசீவர்கள் ஐரோப்பிய முகமையுடையவை. நாசாவின் வீட்டுக்குள் ஐரோப்பியர் பூட்டி வைத்திருந்த ஓர் அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு முழுசாகத் தெரியவில்லை. கருவியைச் செய்த நிறுவனம் அமெரிக்க நிறுவனங்களோடு சந்தையில் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. அதனால் ரிசீவரின் உள் விவரங்களைத் தொழில் ரகசியமாக வைத்திருந்தது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அமெரிக்கத் தரப்பு ஆய்வாளர்கள் பார்த்திருக்கலாம். அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்வது அதன் உரிமை. ஆனால் காசினியின் வேகத்தையும் பாதையையும் விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் ஜேபிஎல்காரர்கள். அந்த வேகத்துக்கு ரிசீவர் ஈடுகொடுக்குமா என்று கேட்கக்கூடிய ஆட்கள் அவர்கள்தான். அவர்கள் பார்வையில் ரிசீவரின் விவரத் தாள் படவே இல்லை.

இன்னொரு வாய்ப்பும் கிளம்புவதற்கு முன்பே கைநழுவியது. வேகத்தால் வரும் அதிர்வெண் மாற்றத்தையும் போலியாக உருவாக்கி, ரேடியோ இணைப்பு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சோதிக்கலாம் என்று யோசனை வந்தது. அதைச் செய்தால் சில பாகங்களைக் கழற்றி, திரும்ப மாட்டி, மறுபடி தரச்சான்று வாங்க வேண்டும். வேண்டாம் என்று முடிவானது. கழற்றி மாட்டும்போது நன்றாக இருப்பது கெட்டுவிடுமோ என்ற பயம் விண்வெளித் தொழிலில் நியாயமான பயம்தான். அப்படிச் சோதிக்காமல் விட்டதை விண்ணில் எப்போது சோதிப்பது என்ற கேள்வி மட்டும் யார் பட்டியலிலும் ஏறவில்லை.

கவனித்தது என்ன

கலம் பறந்துகொண்டிருந்த ஆண்டுகளில் டார்ம்ஸ்டாட்டில் இருந்த ஒரு தகவல் தொடர்புப் பொறியாளருக்கு இந்த இடைவெளி உறுத்தியது. பூமியிலிருந்து ஒரு சிக்னலை அனுப்பி ரிசீவர் அதைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று திட்டத்தில் இருந்தது. அவர் அது போதாது என்றார். டைட்டனில் வரப்போகும் அதிர்வெண் மாற்றத்தோடு, உண்மையான தரவு போன்ற ஒன்றையும் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று கேட்டார். சிக்கலான சோதனை, அவசியமில்லை என்று மறுப்பு வந்தது. அவருடைய மேலதிகாரிகளில் சிலர் அவர் பக்கம் நின்றார்கள். பெரிய செலவில்லாமல் செய்துவிடலாம் என்பதும் உதவியது. அனுமதி கிடைத்தது.

அவர் தன் கருவிகளோடு கோல்ட்ஸ்டோன் போனார். ரிசீவர் சிக்னலைப் பிடித்துக்கொண்டது. அதிர்வெண் மாற்றத்தையும் சரியாகத் துரத்தியது. ஆனால் உள்ளே இருந்த தரவு சிதைந்திருந்தது. அதிர்வெண் மாற்றத்தை எடுத்துவிட்டு அனுப்பினால் தரவு சுத்தமாக வந்தது. திரும்பச் சேர்த்தால் மறுபடி சிதைந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு எவ்வளவு சிறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓடிவரும் ரயிலில் உட்கார்ந்து ஒருவர் நாதஸ்வரம் வாசிக்க, இன்னொருவர் தவில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது நாதஸ்வரத்தின் சுருதி ஏறிக் கேட்கும். அது எல்லோருக்கும் தெரிந்த டாப்ளர் விளைவு. அதோடு தவிலின் அடிகளும் ஒன்றோடொன்று நெருங்கி வரும், அதாவது தாளமும் துளி வேகமாகும். ஹைகன்ஸின் ரேடியோ அலை நாதஸ்வரம் என்றால், அதன் மேல் ஏறி வரும் பிட்டுகள், அதாவது தரவின் 0, 1 என்ற துணுக்குகள், தவிலடி. ரிசீவரை வடிவமைத்தவர்கள் சுருதி ஏறுவதை முறையாகக் கணக்கில் எடுத்திருந்தார்கள். தாளம் மாறுவதை விட்டுவிட்டார்கள்.

எவ்வளவு மாறும்? பழைய திட்டப்படி காசினி ஹைகன்ஸை நோக்கி விநாடிக்கு ஏறக்குறைய 5.5 கி.மீ. வேகத்தில் நெருங்கியிருக்கும். ஹைகன்ஸ் ஒவ்வொரு சேனலிலும் விநாடிக்கு 8192 பிட் அனுப்பும். ஒளியின் வேகத்தோடு வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஏழு விநாடிக்கு ஒரே ஒரு பிட் கூடுதலாக வரும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணிக்கும் சுற்று மிகக் குறுகிய வரம்புக்குள் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு பிட்டைத் துரத்த அதற்கு இடமில்லை. அடி தவறும், எண்ணிக்கை சரியும், அதற்குப் பின் வருவதெல்லாம் பொருளற்றதாகும்.

மென்பொருளில் சின்ன மாற்றம் செய்தால் தீர்ந்துவிடும் கோளாறு இது. ஆனால் அந்த மென்பொருள் ரிசீவருக்குள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. பூமியிலிருந்து மாற்ற வழியே இல்லை.

அதே ஆண்டு டார்ம்ஸ்டாட்டில் இருந்த மாதிரி ரிசீவரிலும் சோதனை நடந்தது. அங்கேயும் அதே கோளாறு. ஐரோப்பிய முகமை ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 2000 டிசம்பரில் குழு அறிக்கை கொடுத்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

2001 ஜனவரியில் ஐரோப்பிய முகமையும் நாசாவும் சேர்ந்து ஒரு மீட்புப் பணிக்குழுவை அமைத்தன. தலைமையிலும் இரு தரப்பாருக்கும் பங்கு. ஆறு மாதம் வேலை நடந்தது. ஜூலையில் தீர்வு தயார்.

கருவியை மாற்ற முடியாது. ஹைகன்ஸ் பேசும் வேகத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. மிச்சமிருந்தது காசினியின் பாதை. தண்டவாளத்தை ஒட்டி நின்றால் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஹாரன் சுருதி ஏறி இறங்குவது காதைப் பிளக்கும். வயல் நடுவே வெகுதூரம் தள்ளி நின்று, ரயில் நமக்கு நேர் எதிரே குறுக்காகக் கடக்கும்போது கேட்டால் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. ரயிலின் வேகம் அதேதான். நம்மை நோக்கி வரும் பங்குதான் குறைகிறது. அதையே செய்தார்கள். டைட்டனுக்கு 1,200 கி.மீ. உயரத்தில் பறக்க வேண்டிய காசினியை ஏறக்குறைய 60,000 கி.மீ. தள்ளிப் பறக்கவிட்டார்கள். ஹைகன்ஸ் பேசும் நேரத்தில் அதன் சிக்னல் காசினியின் பயணத் திசைக்கு ஏறக்குறையக் குறுக்காக வந்து சேரும்.

அதற்குச் சனியைச் சுற்றும் தொடக்கப் பாதைகளையே திரும்ப வரைய வேண்டியிருந்தது. முதல் இரண்டு சுற்றுகள் இருந்த இடத்தில் சிறிய மூன்று சுற்றுகள். 2004 நவம்பர் 27இல் இறங்க வேண்டிய ஹைகன்ஸ் 2005 ஜனவரி 14இல் இறங்கும். 2005 பிப்ரவரிக்குள் காசினி பழைய பயணத் திட்டத்துக்குத் திரும்பிவிடும். இந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். சனியின் வளையங்களையும் நிலாக்களையும் பார்க்கக் காத்திருந்த விஞ்ஞானிகள் பல ஆண்டு உழைத்து அந்தப் பயணத்தைத் தீட்டியிருந்தார்கள். அதைக் கலைத்திருந்தால் தீர்வுக்கு ஒப்புதல் வாங்குவது இன்னும் கடினமாகியிருக்கும்.

அதோடு ஹைகன்ஸை முன்கூட்டியே, நான்கு மணி நேரத்துக்கு முன்னால் விழிக்க வைத்துச் சூடேற்றவும் முடிவு செய்தார்கள். சூடேறும்போது அதன் கடிகாரச் சுற்றின் வேகம் மாறி, பிட்டுகள் ரிசீவருக்கு வசதியான பக்கம் நகரும்.

விலை என்ன? காசினியின் கையிருப்பு எரிபொருளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. இந்த இடத்தில் நான் நிறுத்தி யோசிக்கிறேன். கோளாறு ஐரோப்பியத் தரப்பின் கருவியில். செலவானது அமெரிக்கத் தரப்பின் எரிபொருள். யார் கொடுப்பது என்று ஒப்பந்தத் தாளைப் புரட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்காரவில்லை. அந்தக் கையிருப்பு இருந்ததும், அதை விட்டுக்கொடுக்க மனம் வந்ததும்தான் ஹைகன்ஸைக் காப்பாற்றின.

அப்புறம் நடந்தது

2004 ஜூலை 1 அன்று காசினி சனியின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. புதிய பாதையால் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. பழைய திட்டத்தில் ஹைகன்ஸ் காசினியின் முதல் டைட்டன் சந்திப்பிலேயே இறங்கியிருக்கும். இப்போது அக்டோபர் 26, டிசம்பர் 13 என்று இரண்டு சந்திப்புகள் முன்னதாகவே நடந்தன. டைட்டனின் மேல் காற்று மண்டலம் தாங்கள் நினைத்தபடிதான் இருக்கிறதா என்று சரிபார்க்க வாய்ப்புக் கிடைத்தது. டிசம்பர் 25 அன்று ஹைகன்ஸ் பிரிந்தது.

2005 ஜனவரி 14. ஹைகன்ஸ் பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோதே அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி அதன் சன்னமான அலையைப் பிடித்துவிட்டது. அதில் தரவைப் படிக்க முடியாது, உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரியும். டார்ம்ஸ்டாட்டுக்கு அதுவே பெரிய செய்தி. மாலையில் காசினி பூமியை நோக்கித் திரும்பி ஒப்பிக்கத் தொடங்கியது. சேனல் பி மூலம் வந்த தரவு பழுதில்லாமல் இருந்தது. ஆறுகள் அரித்தது போன்ற வடிகால் தடங்கள், தரையில் உருண்டையான பனிக்கட்டிக் கூழாங்கற்கள், மைனஸ் 179 டிகிரி குளிர். இறங்கியது இரண்டரை மணி நேரம். தரையில் உட்கார்ந்த பிறகும் காசினி அடிவானத்துக்குக் கீழே போகும்வரை 72 நிமிடம் பேசியது.

சேனல் ஏ மூலம் ஒன்றும் வரவில்லை.

காரணம் டாப்ளர் இல்லை. சேனல் ஏ ரிசீவர் மிகத் துல்லியமான ஓர் அலையியற்றியை, அதாவது மாறாத அதிர்வெண்ணில் அலையை உண்டாக்கும் கருவியை, நம்பி இயங்குவது. அதை 'ஆன்' செய்யத் தனியாக ஒரு கட்டளை வேண்டும். ஐரோப்பியத் தரப்பு தயாரித்துக் காசினியில் ஏற்றக் கொடுத்த கட்டளை வரிசையில் அந்த வரி விடுபட்டிருந்தது. காசினி தனக்குக் கொடுத்ததை அப்படியே செய்தது. ஐரோப்பிய முகமை பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

பெரும்பாலான கருவிகள் ஒரே தரவை இரண்டு சேனலிலும் அனுப்பியதால் இழப்பு குறைவு. கேமரா குழு மட்டும் படங்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க, வெவ்வேறு படங்களை வெவ்வேறு சேனலில் பிரித்து அனுப்பியிருந்தது. ஏறக்குறைய 700 படங்களில் 350 போயின. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை முழுக்க முழுக்கச் சேனல் ஏயை நம்பியது. காசினி வழியாக அதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்த அந்தக் குழுவுக்கு அன்றைய மாலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நல்ல வேளையாக, கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலான தொலைநோக்கிகள் பூமியிலிருந்தே அலையைப் பதிந்து வைத்திருந்தன. அந்தப் பதிவுகளிலிருந்து காற்று அளவீட்டின் பெரும்பகுதியை மீட்டார்கள். 120 கி.மீ. உயரத்தில் மணிக்கு 400 கி.மீ.க்கும் மேல் காற்று அடிப்பது அப்படித்தான் தெரிந்தது.

எதை மாற்ற வேண்டும்

இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது ஆறு மாத உழைப்பிலும் எரிபொருளிலும் தீர்ந்தது. இரண்டாவது ஒரு வரி. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் நடந்தன: நாசாவின் கலத்துக்குள் இருந்த ஐரோப்பிய அறையின் வாசலில். முதல் முறை விவரம் வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை. இரண்டாவது முறை கட்டளை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

தொழில் ரகசியத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது. சுற்று வரைபடத்தை நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அடுத்தவர் கலத்தோடு ஒட்டும் இடத்தில் உள்ள எண்களை, எந்த அதிர்வெண் வரம்பு, எவ்வளவு பிட் வேக மாற்றம் தாங்கும் என்பவற்றை, ரகசியம் என்று சொல்ல ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கக் கூடாது. ஹைகன்ஸ் ரிசீவரைப் பற்றி ஜேபிஎல்லுக்குத் தேவைப்பட்டது அரைப் பக்கம்கூட இல்லை. அதற்காக ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தால், வேலை நெருக்கடியில் யாரும் போட மாட்டார்கள். அன்று நடந்ததும் அதுதான். அதனால் இந்த அரைப் பக்கத்தை டெண்டர் விடும்போதே கேட்க வேண்டும், பிறகு கெஞ்சக் கூடாது.

சோதனையைப் பற்றி: தரையில் ஒரு சோதனையைக் கைவிட முடிவு செய்தால், அந்த முடிவோடு சேர்த்தே, பறக்கும்போது அதை எந்தத் தேதியில், யார் செய்வார்கள் என்றும் எழுத வேண்டும். இங்கே அது ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால் நடந்தது. அவர் வேறு துறைக்கு மாறிப் போயிருந்தால் நடந்திருக்காது. 2000இல் தெரிந்ததால் பாதையை மாற்ற நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது. 2004இல் தெரிந்திருந்தால் பரிதாபப்படத்தான் முடிந்திருக்கும்.

இப்போது இந்தக் கேள்விகள் நமக்கும் பக்கத்தில் வந்துவிட்டன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நைசார் செயற்கைக்கோளில் ஒரு ரேடார் நாசாவுடையது, இன்னொன்று இஸ்ரோவுடையது. இந்தியத் தனியார் நிறுவனங்களும் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் செய்கின்றன. ஒவ்வொரு கூட்டு வேலையிலும் இப்படிப் பூட்டிய அறைகள் கூடிக்கொண்டே போகும்.

கட்டளை வரிசைக்கு நான் கேட்பது ஒன்றுதான். அதைத் தயாரித்தவர் சரிபார்த்தால் போதாது, ஏற்றுகிறவர் சரிபார்த்தாலும் போதாது. தவறினால் யாருடைய சோதனை அழியுமோ, அந்தக் குழுவில் ஒருவர் வரி வரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். காற்றை அளக்கக் காத்திருந்தவர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் அலையியற்றி எந்த வரியில் இயங்கத் தொடங்குகிறது என்று கேட்டிருந்தால், தேடிப் பார்த்து, காணோமே என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்.